மூலை இல்லாத அறை

கிணறு மாதிரி ஒரு ஆப்பரேஷன் அறையை வரைந்து, காகிதத்தை நாலாக மடித்து, பூசாரி திருநீறு நீட்டுகிற பவ்வியத்தோடு அதை ஒரு டாக்டரிடம் நீட்டிய ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம்.

குற்றம் முழுவதும் என்னுடையது என்றும் சொல்லிவிட முடியாது. டாக்டரம்மா சொன்னது ஒரே வாக்கியம். "அந்த அறையில் மூலையே இருக்கக் கூடாது, ஓவர்சியர்."

மூலை இல்லாத அறை என்றால் என்ன? வட்டம். அதுவரை நான் வட்டமாகக் கட்டிய ஒரே பொருள் கிணறு. மோகனூர்ப் பக்கம் தொடங்கிப் புதுச்சத்திரம் வரைக்கும் ஊர்க் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கட்டிக் கை அதற்கே பழகிக் கிடந்தது. ஆகவே காம்பசை எடுத்தேன், வட்டம் போட்டேன், நடுவில் ஒரு மேஜை வைத்தேன், ஒரு கதவு போட்டேன். வளைந்த சுவரில் நேரான கதவு எப்படி மூடும் என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று அதை உட்கார வைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதில் தண்ணீர் எத்தனை அடியில்?" என்றார்.

பிறகுதான் விளக்கினார். சுவர் நாலும் நாலாகவே இருக்கலாம். சுவரும் சுவரும் சேருகிற இடத்திலும், சுவரும் தரையும் சேருகிற இடத்திலும், மேலே மச்சுத் தளத்தோடு சேருகிற இடத்திலும் கூர் இருக்கக் கூடாது. உள்ளங்கையைக் குழித்தது போல வளைந்து ஓட வேண்டும். கூர் இருந்தால் தூசி போய் ஒண்டும், துடைக்கிற துணி அதுவரை எட்டாது. தூசி ஒண்டின இடத்தில் கிருமி குடித்தனம் நடத்தும்.

"மண்சட்டிக்கு உள்பக்கம் மாதிரிங்களா?" என்றேன்.

"ஆமாம்."

"அதை மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு காகிதம் மிச்சமுங்க."

"மூளை இருக்கிறவருக்கு மூலை என்றாலே போதும் என்று நினைத்தேன்."

நான் அன்றைக்கே அந்த அம்மாளுக்கு அடிமை. என்னைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். சுத்தமாகத் திட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சீமையில் தெருநாயை விரட்டும்போதுகூட "அக்கட்டால போங்க" என்போம். ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க என்று எல்லாச் சொல்லுக்கும் வாலில் ஒரு 'ங்க' கட்டித் தொங்கவிடாவிட்டால் எங்களுக்குச் சொல் முடிந்ததாகவே தோன்றாது. டாக்டரம்மா தெற்கே தாமிரபரணிக் கரைக்காரர், பட்டணத்தில் படித்தவர். அவரிடம் அந்த வால் கிடையாது. "ஆமாம்." "இல்லை." "கழுவுங்கள்." அவ்வளவுதான். வந்த புதிதில் ஊரே முகம் சுளித்தது. பிரசவத்துக்குப் போன பெண்கள் உயிரோடு திரும்பி வரவர, சுளித்த முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

ஆனால் எல்லோரும் திரும்பி வரவில்லை. அதற்குக் காரணம் அவர் கையல்ல, அவருக்குக் கொடுத்திருந்த அறை. நாட்டு ஓடு வேய்ந்த பழைய கட்டடம். கூரையைத் தாங்கும் பனங்கை வாரைகளில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கும். ஓட்டின் மேல் பூனை நடந்தால் கீழே மண் உதிரும். டாக்டரம்மா ஒரு வெள்ளை வேட்டியைக் கூரைக்கு அடியில் விதானம் போல இழுத்துக் கட்டி, அதன் கீழேதான் கத்தி பிடிப்பார். அப்படியும் சிலருக்கு, வெட்டின இடம் ஆறுவது போல ஆறி, பிறகு காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல் வந்தால் முடிந்தது.

ஊருக்குப் பெரிய பண்ணாடி, அதாவது பெரிய நிலக்காரர், ஒருவர் இருந்தார். அவருடைய மருமகள் அப்படித்தான் போனாள். கருமாதி முடிந்ததும் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "ரூமு கெட்டதுன்னா வேற ரூமு கட்டுங்க. கல்லு, சுண்ணாம்பு, மரம், எல்லாம் எம்பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுகிற பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கும் அதில் ஒரு அவசரம் இருந்தது. என் மனைவிக்கு முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் தங்கியதே டாக்டரம்மாவின் புண்ணியம். இடுப்பெலும்பு குறுகல், அடுத்தது வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தார். இப்போது அவளுக்கு மறுபடி மசக்கை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பழைய அறையில் உங்கள் மனைவி மேல் நான் கத்தி வைக்க மாட்டேன். ஒன்று புது அறை முடிய வேண்டும், இல்லையென்றால் சேலத்துக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்.

வீட்டில் வந்து சேலம் என்றேன்.

"சேலத்துல எந்த டாக்டரை எனக்குத் தெரியும்? அந்தம்மா கையி தவிர வேற கையி எம்மேல படக் கூடாது" என்றாள் என் மனைவி. "அதுவுமில்லாம, வலி எடுத்த பொறவு பஸ்சுல போறதா? புதுச்சத்திரம் தாண்டறதுக்குள்ள ரோட்டுலயே ஆயிருமுங்க. நீங்க போட்ட ரோடு தானுங்களே, எனக்குத் தெரியாதா?"

சாலையைப் பற்றி மேற்கொண்டு பேசுவது எனக்கு நல்லதில்லை. புது அறையே முடியட்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

அஸ்திவாரம் தோண்டுமுன் டாக்டரம்மா ஒரு காரியம் செய்யச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெறும் தரையில், கட்டப்போகிற அறையை அதே அளவுக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். சுவர், கதவு, மேஜை, கை கழுவும் தொட்டி, கருவி வேகவைக்கிற அடுப்பறை, எல்லாம் கோடு. "கட்டின பிறகு இடித்தால் செலவு. கோட்டை அழிக்க ஒரு கால் போதும்" என்றார்.

கோலம் போட்டாயிற்று. நோயாளியாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். வேலையில்லாமல் நின்றது நான் ஒருவன்தான். என்னைக் கட்டிலில் கிடத்தி, நாலு பேர் தூக்கி, இல்லாத கதவு வழியாக இல்லாத அறைக்குள் கொண்டுபோனார்கள். ஊர் கூடிவிட்டது.

"ஏனுங்க, ஓவர்சியரு போய்ட்டாருங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இன்னும் இல்லீங்க, ஒத்திகை பாக்கறாங்க" என்று இன்னொரு குரல்.

கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். "படுத்துக் கெடக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற உத்தியோகம் வேற எங்கயாவது உண்டுங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குக் கேட்கும்படி விசாரித்தாள்.

நடைவழி திரும்புகிற இடத்தில் கட்டிலின் கால் சுண்ணாம்புக் கோட்டை மிதித்தது. "சுவரில் இடித்துவிட்டீர்கள்" என்றார் டாக்டரம்மா. கோட்டைக் காலால் அழித்து வெளியே தள்ளிப் போட்டார். மறுபடி தூக்கினார்கள். இம்முறை கட்டில் தப்பியது. ஆனால் கை கழுவிவிட்டு வருகிற டாக்டரம்மா அழுக்குத் துணி எடுத்துப் போகிற ஆயாவோடு எதிரெதிரே முட்டினார். "சுத்தம் வருகிற வழி வேறு, அழுக்குப் போகிற வழி வேறு" என்று சொல்லி இன்னொரு கதவைக் கோட்டில் திறந்தார். பிறகு மறுபடியும் நான் படுத்தேன். அன்று மாலைக்குள் நான் எத்தனை தடவை செத்துப் பிழைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அதற்குமுன் எவ்வளவோ கட்டடம் கட்டியிருக்கிறேன், ஒன்றிலாவது உள்ளே இருக்கப் போகிறவன் படுத்த நிலையில் எதைப் பார்ப்பான், எதில் இடிபடுவான் என்று நான் யோசித்தது கிடையாது. அந்த அம்மாளுக்கு அதைத் தவிர வேறு யோசனையே இல்லை.

கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்றார். கழுவின கை எதையும் தொடக் கூடாது, தோளால் தள்ளினால் திறக்க வேண்டும். குழாயை முழங்கையால் திருப்புகிற மாதிரி நீளப் பிடி வைக்கச் சொன்னார். ஓடு கூடாது, மச்சு வேண்டும். ஜன்னலுக்கு உள்பக்கம் திட்டு கூடாது. திட்டு இருந்தால் யாராவது வெற்றிலைப் பெட்டியை வைப்பார்கள். (பழைய அறையில் வைத்தவன் நான்தான்.) தரைக்குக் கருஞ்சிவப்புச் சாயம் போட்டால் அழுக்குத் தெரியாது என்று யோசனை சொன்னேன்.

"தெரிய வேண்டும்" என்றார். தரை வெள்ளையாயிற்று.

மேட்டூர் கரண்ட் சேலம் வரைக்கும் வந்திருந்தது. எங்கள் ஊருக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆகையால் வெளிச்சத்துக்கு வடக்குச் சுவரில் ஆளைவிட உயரமான பெரிய ஜன்னல் ஒன்று, முழுதும் பால் கண்ணாடி. வடக்கு வெளிச்சம் கண் கூசாது, நிழல் ஓடாது. வானம் இருட்டிக்கொண்டால்? பெட்ரோமாக்ஸ் விளக்கை உள்ளே தொங்கவிடலாம் என்றேன். மயக்கத்துக்குக் கொடுக்கிற ஈதர் நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்றார் அவர். பிறகு ஜன்னலைக் காட்டி, "விளக்கு வெளியே இருக்கட்டும். வெளிச்சம் மட்டும் உள்ளே வரட்டும்" என்றார். கண்ணாடிக்கு வெளியே விளக்கு வைக்க ஒரு திட்டுக் கட்டினால் தீர்ந்தது. இத்தனை எளிதான ஒன்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கு நாள் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்டேன்.

சுவர் எழும்பியது. மூலைகளைக் கொத்தனார் வளைத்து முதல் பூச்சும் முடித்தார். கடைசிப் பூச்சுக்கும் தரைக்கும் சுண்ணாம்பு வர வேண்டிய நேரத்தில் வண்டி நின்றுபோயிற்று. என் மனைவிக்கு அப்போது மாதம் ஏறிவிட்டிருந்தது.

பண்ணாடி நிறுத்திவிட்டார் என்றார்கள். அவர் வீட்டுக்கு ஓடினேன். யாரோ சோதிடர் வந்து பார்த்துவிட்டு, தரை கழுவுகிற தண்ணீர் கன்னி மூலை வழியாக, அதாவது தென்மேற்கு மூலையில், வெளியே போகிறது, அது பெண்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். தண்ணீர் ஈசானியத்தில், வடகிழக்கில்தான் போக வேண்டுமாம்.

டாக்டரம்மாவே பண்ணாடி வீட்டுக்கு நடந்து வந்து சொன்னார். ஆஸ்பத்திரிக் கிணறு வடகிழக்கில் இருக்கிறது. அறை கழுவுகிற தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விட்டால் ஊரே அதைக் குடிக்கும்.

"நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் பண்ணாடி. கையெடுத்துக் கும்பிட்டார். "ஆனா எனக்கு மனசு ஒப்பலீங்க அம்மா. ஒருத்தியப் பறிகுடுத்தவனுங்க நானு. பொம்பளைகளுக்கு ஆகாதுன்னு ஒருத்தன் சொல்லிப்போட்ட பொறவு எப்பிடிங்க சுண்ணாம்பு அனுப்பறது?"

டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

வீட்டில் ஒருத்தி ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாமல் இருக்கிறாள். பயத்தில் சில பேருக்கு அழுகை வரும். எனக்கு வாய்த்துடுக்கு வரும்.

"பண்ணாடி, சித்தெ எங்கூட வாங்க" என்றேன். "அந்தக் கன்னி மூலை எதுன்னு உங்க கையால தொட்டுக் காட்டிருங்க. அதுல ஒரு சொட்டுத் தண்ணி போகாமப் பண்ணிப்போடறேன்."

வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். தென்மேற்கே போய் மூலையில் கை வைத்தார். கை நிற்கவில்லை, வளைவில் வழுக்கிப் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. குனிந்து தரையோரம் தடவினார், அங்கும் வளைவு. சுவரைத் தடவிக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்.

"ஏஞ்சாமி, மூலை எங்க?"

"டாக்டரம்மா எடுத்துப் போட்டுட்டாங்க. மூலையே இல்லாத ஊட்டுக்கு மூலை தோசம் எங்கிருந்துங்க வரும்?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கை இன்னும் சுவரிலேயே இருந்தது.

"கெட்டது வந்து ஒண்டறதுக்கு எடமே உடலியே அந்தம்மா" என்றார் மெதுவாக.

"அதுக்குத்தானுங்க."

"எம்மருமவளுக்கு இப்பிடி ஒரு ரூமு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்தார்.

"என்னைய ஏமாத்திப்போட்டேன்னு நெனைக்காத சாமி. மூலை போனாலும் தெச போகாதுன்னு எனக்குத் தெரியும். இருந்துட்டுப் போவுது. பொழுதோட வண்டி வரும்."

வந்தது. கொத்தனார் கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினார். அதில் என் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இன்னும் தேய்க்க வேண்டும்" என்றார். சுவரைச் சொன்னாரா முகத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் மனைவிக்கு வலி எடுத்தது. அவளைக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். சுண்ணாம்புக் கோட்டில் நான் படுத்துப் போன அதே வழி. திருப்பத்தில் இடிக்கவில்லை. என் கண் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு தோளில் திறந்து, தானே மூடிக்கொண்டது.

வானம் கருகருவென்று இருட்டிவிட்டது. "விளக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்து வடக்கு ஜன்னலுக்கு ஓடினேன். விளக்குத் திட்டு தயாராக இருந்தது, நான் வைத்த உயரத்தில். அதாவது தப்பான உயரத்தில். அளவு எடுத்தபோது என் தோளை அடையாளம் வைத்திருந்தேன். வெளியே நிலம் அறைத் தரையைவிட இடுப்பளவு பள்ளம் என்பது மறந்துபோயிருந்தது. திட்டில் வைத்தால் தரைக்குத்தான் வெளிச்சம். எனவே திட்டின் மேல் ஏறி நின்று, விளக்கை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். விளக்குக்கு மேலே தாழ்வாரம் இருந்தது, எனக்கு இல்லை. முதுகில் மழை.

இந்தக் கட்டடத்துக்குத் தியேட்டர் என்று பெயர் என்றதும், நாமக்கல்லில் சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர் டிக்கெட் எவ்வளவு என்று என்னிடம் விசாரித்தது உண்டு. அன்று அந்தத் தியேட்டருக்கு நான் ஒருவன்தான் ரசிகன். கண்ணுக்கு நேரே பால் கண்ணாடி, வெள்ளை வெளேரென்று ஒரு திரை. படம் ஒன்றும் ஓடவில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கு என் விளக்கால் எல்லாம் தெரியும். விளக்குப் பிடிக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது. கருவிகள் தட்டில் விழுகிற சத்தம். "இன்னும் மேலே" என்றார் டாக்டரம்மா. தூக்கினேன். "ஆடாதீர்கள்." முழங்காலை ஜன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டேன் என்பது நினைவில்லை. சாலைகளை எல்லாம் ஒழுங்காகப் போடுவதாகவும் ஒரு வாக்குக் கொடுத்ததாக ஞாபகம்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது.

விளக்கை இறக்கிவிடப் போனேன். "இன்னும் தைக்கவில்லை" என்று அதட்டல் வந்தது. குழந்தை அழ, வெளியே நான் அழ, விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது.

பெண் குழந்தை. ஆனால் நான் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. கத்தி வைக்கிற நாளல்ல, அதற்குப் பிறகு காய்ச்சல் வருகிற நாள்தான் பெரியது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் டாக்டரம்மா வார்டுக்குள் போய், தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருவார். வாசலில் நான் நிற்பேன். நான் கேட்குமுன் அவரே சொல்வார், "இல்லை." மறுநாளும் "இல்லை." வாலில்லாத அந்த மொட்டைச் சொல்லைப் போல ஒரு இனிப்பான சொல்லை நான் எங்கும் கேட்டதில்லை. பண்ணாடியும் தினம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு போவார்.

தையல் பிரித்த அன்று புண் உலர்ந்து, கோடு மட்டும் இருந்தது. என் மனைவி எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள அறுபட்டுப் படுத்தவ நானு. வெளிய நின்னவரு பாதியாப் போயிட்டீங்க. கஞ்சியில எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதிங்களா?" என்றாள். அவள் கிண்டல் பண்ணத் தொடங்கிவிட்டாள் என்றால் இனி பயமில்லை.

டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். புது அறையில் முழங்கையால் குழாயைத் திருப்பிக் கை கழுவிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றேன்; உள்ளே கால் வைக்க எனக்கு உரிமையில்லை. பணம் கொடுத்த பண்ணாடியின் பேர் வெட்டி வெளியே ஒரு கல் வைத்தாயிற்று. இந்த அறையை மனசுக்குள் முதலில் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை. அது எனக்கு உறுத்தியது. அதோடு, எப்படியாவது ஒரு நன்றியும் சொல்லித் தீர வேண்டும்.

"அம்மா, நான் ஒண்ணு கேட்டா மறுக்கக் கூடாதுங்க. உங்க பேரை ஒரு சின்னக் கல்லுல வெட்டி, ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாம, இந்த ரூமுல ஒரு மூலையாப் பாத்துப் பதிச்சர்றேனுங்க."

அவர் திரும்பவில்லை. கையில் நீர் சொட்டச் சொட்ட, எங்கள் ஊர்க்காரர் போலவே சொன்னார்:

"எந்த மூலைங்க?"